419 என்றால் நிராகரிப்பு அல்ல

விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அம்மா, மகளின் தொலைபேசியோடு என்னிடம் வந்தார். காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி கேட்டு இணையத்தில் விண்ணப்பம் நிரப்பியிருந்தார். மூலப்பத்திரம் 2009 தை மாத இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. பழைய இலக்கங்களை உறவினர்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்ப மூன்று மணித்தியாலம் போயிருக்கிறது. அனுப்பியதும் வெள்ளைத் திரையில் 419 என்ற எண்ணும், பக்கத்தில் 'பேஜ் எக்ஸ்பையர்ட்' என்று ஆங்கிலத்திலும் வந்தது.

"இதையும் வேண்டாமெண்டு தள்ளிப்போட்டாங்கள் தம்பி" என்றார்.

உண்மையில் அந்த விண்ணப்பத்தை யாரும் பார்க்கவேயில்லை. அது அலுவலரிடம் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. எங்கே நின்றது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

419 என்பது இணையத்தின் பொது விதிகளில் உள்ள எண் அல்ல. 2011இல் வெளிவந்த லாரவெல் என்ற மென்பொருள் கட்டமைப்பு தனக்கென வைத்துக்கொண்டது. இணையத்தளங்களை எழுத உலகெங்கும் பயன்படுத்தப்படும் கட்டமைப்புகளில் அதுவும் ஒன்று.

நாங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தாலோ படிவத்தை அனுப்பினாலோ, அது ஒரு கோரிக்கையாகத் தளத்துக்குப் போகிறது. அங்கே முதலில் வழிப்பட்டியல் ஒன்று இருக்கும். விசுவமடுவில் இருந்து பஸ் பரந்தன் சந்திக்குப் போனால் வலப்பக்கம் யாழ்ப்பாணம், இடப்பக்கம் கிளிநொச்சி. அதுபோல, கோரிக்கையின் முகவரியையும், அது பார்க்க வந்ததா தகவல் தர வந்ததா என்பதையும் வைத்து எந்தப் பக்கம் அனுப்புவது என்று பட்டியல் முடிவெடுக்கிறது. பொருந்தும் வழி இல்லாவிட்டால் 404. முகவரி சரி, வந்த முறை பிழை என்றால் 405.

வழி கிடைத்தாலும் நேரே உள்ளே போக முடியாது. வரிசையாகச் சில சோதனைகள் உண்டு. ஓமந்தையில் இறங்கி ஏறிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லாரவெலில் உலாவியில் இருந்து வருபவற்றுக்கு ஒரு வரிசை, கைப்பேசிச் செயலிகளில் இருந்து வருபவற்றுக்கு வேறொரு வரிசை என்று பிரித்து வைக்கலாம். உலாவி வரிசையில், படிவத்தைக் காட்டும்போதே அதற்குள் ஓர் இரகசியக் குறி ஒளித்து வைக்கப்படும். திரும்பி வரும்போது அதே குறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேறொரு தளம் உங்கள் பெயரில் களவாக எதையும் அனுப்பிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. தளத்தை எழுதியவர் மாற்றாவிட்டால், 120 நிமிடங்கள் அசைவில்லாமல் இருந்தாலே அந்த அமர்வு காலாவதியாகிவிடும். குறி பொருந்தாது. 419 வரும். பத்திரங்களைக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டு மணித்தியாலம் தாராளம். பத்திரங்களைப் போரில் தொலைத்தவருக்கு அது போதாது.

அந்த நேரத்தைக் கூட்ட அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். பிழைப் பக்கத்தைத் தமிழில் எழுதவும் தடையில்லை. நிரப்பியதை இடையிடையே சேமிக்க வழி செய்யலாம். எங்களுக்கான தளங்களை எழுதும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

விண்ணப்பிப்பவர்கள் முதலில் எல்லா விபரங்களையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, பிறகு படிவத்தைத் திறவுங்கள். 419 வந்தால் பக்கத்தைப் புதிதாகத் திறந்து மீண்டும் நிரப்புங்கள். 404 வந்தால் முகவரியைச் சரிபாருங்கள். 500 வந்தால் தளத்தின் உள்ளே கோளாறு. பதிவானதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். எதுவானாலும் திரையைப் படம் எடுத்து, நேரத்தையும் குறித்து வையுங்கள். பதிவு இலக்கம் தரும் தளமானால், அது கையில் கிடைக்கும் வரை விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாக நினைக்க வேண்டாம்.

அடுத்த நாள் அந்த அம்மா கொப்பியோடு வந்தார். நிரப்ப இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வந்த பதிவு இலக்கத்தை அதே கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இனி வருவது ஒரு மனிதர் வாசித்துச் சொல்லும் பதிலாக இருக்கும்.