ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடிக்கச் சொல்வது ஏன்?

கூடுவாஞ்சேரி ரெயில் நிலையம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அடிவயிற்றை "ஸ்கேன்" எடுக்கப் புறப்படுகிறாள் ஒருத்தி. "தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்களே" என்று வீட்டிலேயே ஒரு செம்பு குடித்துவிட்டாள்.

அங்கேதான் தொல்லை! மின்சார ரெயிலில் கழிப்பறை கிடையாது. பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், பரனூர் என்று வண்டி நின்று நின்று போகிறது. செங்கல்பட்டில் இறங்கியதும் முதல் வேலையாகச் சிறுநீர் கழித்துவிட்டு, ஸ்கேன் அறைக்குப் போகிறாள்.

"பை காலியாக இருக்கிறதே! மறுபடி தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்" என்கிறார் டாக்டர்.

இது வீண் அலைச்சலா? இல்லை. காரணம் இருக்கிறது.

காற்று ஒரு பகைவன்

ஸ்கேன் என்பது ஒலியால் எடுக்கும் படம். மனிதர் காதுக்கு வினாடிக்கு 20 ஆயிரம் அதிர்வுகள் வரைதான் கேட்கும். அடிவயிற்று ஸ்கேன் ஒலியோ சுமார் 35 லட்சம்! அது உடலுக்குள் போய் எதிரொலித்துத் திரும்புகிறது. எதிரொலியைக் கருவி படமாக்குகிறது.

இந்த ஒலிக்குக் காற்று ஆகாது. கருப்பையும் சினைப்பையும் குடலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். குடலில் வாயு உண்டு. ஒலி அங்கேயே நின்றுவிடும்.

சிறுநீர்ப்பை நிரம்பினால் குடலை மேலே தள்ளிவிடும். தண்ணீர் வழியே ஒலி தடையின்றிப் போகும். ஜன்னலைத் திறந்தது போல, உள்ளே இருப்பது தெரியும்! வயிற்றில் பசை தடவுவதும் இடையில் காற்று புகாமல் இருக்கத்தான்.

கொதிகலனும் கட்டியும்

இதற்கு வழி காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகர டாக்டர் இயான் டொனால்ட். 1955-ல் அவர், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார்! இரும்பில் விரிசல் கண்டுபிடிக்கும் ஒலிக்கருவி அங்கே இருந்தது. கட்டிகளையும் அது காட்டிக்கொடுத்தது.

பிறகு ஒரு பெண் வந்தாள். வயிறு வீங்கியிருந்தது. "புற்றுநோய், பிழைக்கமாட்டாள்" என்று கைவிடப்பட்டவள். கருவி வேறு சேதி சொன்னது. சினைப்பையில் நீர்க்கட்டி! ஆபரேஷன் நடந்தது. அவள் பிழைத்தாள்.

1958-ல் இந்த ஆராய்ச்சி "லான்செட்" மருத்துவ இதழில் வெளியாயிற்று. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் படம் தெளிவாகும் என்பதையும் 1963-ல் டொனால்ட் எடுத்துச் சொன்னார்.

என்ன செய்யலாம்?

ரெயில் ஏறும் முன் குடிக்கவேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனை மணிக்கு ஸ்கேன் என்று கேட்டு, ஒரு மணி நேரம் முன்னதாக மூன்று நான்கு டம்ளர் குடித்தால் போதும். தாங்கமுடியாத அளவு நிரம்பினாலும் படம் கெடும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே குடிக்கவேண்டும்.

மணமான பெண்களுக்குச் சில சமயம், சம்மதம் பெற்று, பிறப்புறுப்பு வழியே சிறு கருவி வைத்துப் பார்ப்பதுண்டு. அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்கவேண்டும். ஆகவே, "எந்த ஸ்கேன்?" என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? தெளிவான படம்தான் சரியான வைத்தியத்துக்கு முதல் படி!