உள்ளே என்ன இருக்கிறது?

பல் துலக்கியின் பிடி கடினமான நெகிழியால் ஆனது. பெருவிரல் படும் இடத்தில், வழுக்காமல் இருப்பதற்காக இரப்பர் போன்ற பொருள் பதிக்கப்பட்டிருக்கும். முனையில் இருப்பவை நைலான் இழைகள். இவ்வளவு சிறிய பொருளிலேயே மூன்று மூலப்பொருள்கள்! இதனைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக உருவாக்க, வெளித்தோற்றத்தை மட்டும் வரைந்தால் போதுமா?

பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தனர். 1987இல் உருவான எஸ்.டி.எல். என்னும் கோப்பு வகை இன்றும் முப்பரிமாண அச்சில் பரவலாகப் பயன்படுகிறது. அது பொருளின் மேற்பரப்பைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரித்துப் பதிவு செய்யும். ஆனால், உள்ளே இருப்பது எஃகா, இரப்பரா என்று குறிப்பிட அதில் இடமில்லை. ஊதிய பலூனைப் போல வெளியே உருவம், உள்ளே வெறுமை. கணினி விளையாட்டில் வரும் வீரனுக்கு இதுவே போதும். அவனைத் திரையில் பார்க்கத்தானே போகிறோம்!

அறுவை மருத்துவருக்கு இது போதாது. முதுகெலும்பில் அறுவை செய்யப்போகும் மருத்துவர், நோயாளியின் எலும்பைப் போலவே அச்சிட்ட மாதிரியில் முன்கூட்டியே பயிற்சி செய்யலாம். அம்மாதிரி முழுவதும் ஒரே நெகிழியால் ஆனதாக இருந்தால், துளையிடும் கருவி எலும்பைக் கடந்து நரம்பை நெருங்கும் கணத்தைக் கை உணராது. பயிற்சியின் நோக்கமே அந்தக் கணத்தை உணர்வதுதான்.

ஆகவே, உள்ளிருப்பதையும் கணினிக்குச் சொல்ல வேண்டும். சி.டி. ஸ்கேன் படம் அதற்கு உதவுகிறது. அதன் அளவுகோலில் காற்று -1000, நீர் 0; கெட்டியான எலும்பு 1000ஐயும் தாண்டும். மென்மையான திசுக்களுக்கு எம்.ஆர்.ஐ. படம் துணைசெய்யும். இவற்றைக் கொண்டு கணினி, உடற்பகுதியை நுண்ணிய கனசதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு 'வோக்சல்'. படத்திற்குப் பிக்சல் எப்படியோ, கனவடிவத்திற்கு வோக்சல் அப்படி. தான் இருக்கும் இடத்தோடு, தான் எந்தப் பொருள் என்பதையும் அது குறித்து வைத்துக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்திற்கு 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தை 0.1 மில்லிமீட்டர் வோக்சல்களாகப் பிரித்தால், ஒரு பக்கத்திற்கு 1000 வீதம் மொத்தம் 100 கோடி வோக்சல்கள் கிடைக்கும். அத்தனையையும் சேமிப்பதைவிட ஒரு விதியை எழுதி வைப்பது எளிது. தசைநாண் எலும்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கோடு கிழித்தாற்போன்ற எல்லை கிடையாது. கடினம் படிப்படியாகக் குறையும். 'எலும்பின் விளிம்பில் முழுக் கடினம், 2 மில்லிமீட்டர் தள்ளி முழு மென்மை, இடையில் தூரத்திற்கேற்பக் குறைக' என்று விதித்தால், எந்தப் புள்ளிக்கும் உரிய கலவையைக் கணினியே கணக்கிட்டுவிடும்.

1 மில்லிமீட்டர் தூரத்தில் பாதிக்குப் பாதி என்று விடை வரும். ஆனால், அச்சுப்பொறி ஓரிடத்தில் ஒரு பொருளின் துளியை மட்டுமே இடும். எனவே, அப்பகுதியில் கடினமான பிசின் துளிகளும் மென்மையான பிசின் துளிகளும் சம அளவில் கலந்து தூவப்படுகின்றன. நாளிதழில் உள்ள கறுப்பு வெள்ளைப் படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் கறுப்புப் புள்ளிகளே தெரியும்; வெறும் கண்ணுக்கோ அது சாம்பல் நிறம். துளிகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால், மருத்துவரின் விரலும் அவற்றைத் தனித்தனியே உணர்வதில்லை. பாதி இறுகிய ஒரே பொருளாகவே உணர்கிறது.