இசை வரும் வழி

இசைத்தட்டும் ஒலிநாடாவும் குறுந்தகடும் சுழன்ற வீடுகளுக்கு இன்று இணையத்தின் வழியே இசை வருகிறது. கைப்பேசியில் ஒரு பாடலைத் தொட்டால், கூடத்தில் உள்ள ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டும் பாடத் தொடங்குகின்றன. ஆயினும், அதே பெட்டிகளில் குறுந்தகட்டைக் கேட்டுப் பழகியவர்கள், ‘இதில் ஏதோ குறைகிறதே’ என்று சொல்வதுண்டு. தம்புராவின் நாதம் மெலிந்து கேட்கும். தாளக்கருவியின் ‘கிண்’ என்னும் கூர்மை மழுங்கி, நீரில் நனைந்ததுபோல் குழையும். உடனே விலையுயர்ந்த புதிய பெட்டிகளை வாங்க வேண்டும் என்று தோன்றும். அதற்கு முன், இசை நம் செவியை வந்தடையும் வழியை அறிந்துகொள்ள வேண்டும். அவ்வழியில் ஓரிடத்தில் இழந்துவிட்ட ஒலியை, அதற்குப் பின் உள்ள எந்தக் கருவியாலும் மீட்டுத்தர இயலாது.

எண்ணாகும் ஒலி

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. அவ்வலையின் உயரத்தை மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதிவைப்பதே எண்ணிமப் பதிவாகும். 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 முறை இவ்வாறு அளக்கப்படுகிறது. ஓர் அலையைச் சரியாக மீட்டெடுக்க, அதன் அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கும் மேலான முறை அளக்க வேண்டும் என்பது கணிதம் கண்ட உண்மை. மனிதச் செவியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் என்பதால் 44,100 என்னும் அளவு போதுமானதாகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளால் எழுதப்படுகிறது. இடம், வலம் ஆகிய இரு தடங்களையும் சேர்த்தால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன.

எண்ணிம இசை படிக்கட்டு போன்றது, அதனால்தான் அதில் இனிமை குறைகிறது என்று சிலர் கூறுவர். அது பிழையான கருத்து. எண்களை மீண்டும் மின்னலையாக்கும் மாற்றியிலிருந்து வெளிவருவது படியற்ற, வழவழப்பான அலையே. குறை வேறிடத்தில் நேர்கிறது.

மடிப்பதும் வெட்டுவதும்

நொடிக்குப் பதினான்கு லட்சம் பிட்டுகளை அனுப்புவது தொடக்ககால இணையத்திற்குப் பெருஞ்சுமையாக இருந்தது. ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தாரும் பிறரும் உருவாக்கிய எம்பி3 முறை இச்சுமையைக் குறைத்தது. உரத்த ஓர் ஒலி எழும்போது அதற்கு அருகிலுள்ள மெல்லிய ஒலிகளை நம் செவி உணர்வதில்லை. அவ்வாறு மறைந்துபோகும் பகுதிகளை நீக்கிவிடுவதே இம்முறையின் நுட்பம். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கினால், குறுந்தகட்டுப் பதிவில் பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சும். இம்முறையைச் செம்மைப்படுத்தியவர்களுள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்னும் பாடலைத் தம் சோதனைக்குப் பயன்படுத்தினார். கருவியிசையின் துணையின்றி ஒலிக்கும் தனிக்குரலில் குறைகள் ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஃபிளாக் போன்ற முறைகள் வேறு வகையின. அவை எதையும் நீக்காமல் சுருக்குகின்றன. துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது ஃபிளாக். வெட்டிச் சிறிதாக்கி வைப்பது எம்பி3. மடித்ததை விரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. எனவே, முதலில் பார்க்க வேண்டியது இசைச் செயலியின் அமைப்புப் பக்கத்தையே. ‘தானியங்கி’ என்னும் தேர்வு இருப்பின், அலைவரிசை தளரும்போது தரமும் தானே இறங்கிவிடும். அதை மாற்றி உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நொடிக்கு 320 கிலோபிட் அளவிலான நல்ல பதிவைக் குறுந்தகட்டிலிருந்து வேறுபடுத்திக் காண்பது பெரும்பாலோர்க்கு அரிது. செலவில்லாத இம்மாற்றமே பல வீடுகளில் பாதிக் குறையைத் தீர்த்துவிடும்.

அடுத்த இழப்பு, கைப்பேசிக்கும் பெருக்கிக்கும் இடையே நேர்கிறது. புளூடூத் வழியே அனுப்பும்போது, கைப்பேசி பாடலை முதலில் விரித்து, பின் தன் முறைப்படி மீண்டும் சுருக்கியே அனுப்புகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி என்னும் முறை, வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட் அளவைத் தாண்டுவதில்லை. முன்பே வெட்டிய துணி மறுமுறையும் வெட்டப்படுகிறது. இழப்பற்ற தரத்திற்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்திவிட்டு, அதனைப் புளூடூத்தில் கேட்பது வீண்செலவே. வீட்டு வைஃபை இணைப்பிற்கு நொடிக்குப் பதினான்கு லட்சம் பிட்டுகள் பெரிய சுமையன்று. வைஃபை வழியே இசையைப் பெறும் கருவியொன்றைப் பெருக்கியுடன் இணைக்கலாம். அல்லது யுஎஸ்பி வழியே இயங்கும் சிறு மாற்றியைக் கைப்பேசியில் பொருத்திக் கம்பிவழி இணைக்கலாம். கம்பியில் ‘ம்ம்’ என்னும் 50 ஹெர்ட்ஸ் மின்முனகல் கேட்டால், ஒளியிழைக் கம்பி அதனைத் தவிர்க்க உதவும். அதில் செல்வது மின்சாரமன்று, ஒளி.

ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் எண்ணிமக் கம்பிகளை நம்பி ஏமாறக்கூடாது. எண்கள் பிழையின்றி வந்து சேர்ந்தால் சாதாரணக் கம்பியும் அதே இசையைத்தான் தரும். பழுதான கம்பியில் இசை மங்காது. இடையிடையே அறுபடும் அல்லது ‘டிக்’ என வெடிக்கும்.

அறை என்னும் கருவி

ஒலிபெருக்கியிலிருந்து வெளிவந்த இசை, செவியை அடையுமுன் அறையைக் கடக்கிறது. பெட்டிகளைச் சுவர் மூலையில் ஒட்டிவைத்தால் மத்தளத்தின் தொப்பி ஒலி பெருத்து, பாடுவோரின் குரலை மூடிவிடும். சுவரிலிருந்து ஓரிரு அடி முன்னால் நகர்த்தினாலே குரல் தெளியும். இரு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைவது நன்று. உயர்ந்த ஒலிகளை எழுப்பும் சிறிய கூம்பு செவியின் உயரத்தில் இருக்க வேண்டும். அலமாரியின் உச்சியில் ஏற்றிவைத்த பெட்டி அழகாகத் தோன்றலாம்; பாடலுக்கு அது ஏற்ற இடமன்று. வெற்றுச் சுவரும் வழவழப்பான தரையும் உள்ள கூடத்தில் ஒலி எதிரொலித்துக் கலங்கும். தரையில் ஒரு ஜமக்காளம், சன்னலில் தடித்த திரை, சுவரோரம் நூல்கள் நிறைந்த அடுக்கு ஆகியவை அவ்வெதிரொலியைத் தணிக்கும்.

இம்மாற்றங்கள் பயன் தந்தனவா என்பதைச் சோதிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டில் சற்று உரக்க ஒலிப்பதையே செவி சிறந்ததென்று எண்ணிக்கொள்ளும். எனவே, இரண்டின் ஒலியளவையும் சமமாக்கி, நண்பர் ஒருவரை மாற்றி மாற்றி இசைக்கச் செய்து, எது எதுவென அறியாமல் பலமுறை கேட்க வேண்டும். தெரிந்த பாடலாகவும், ஒற்றைக் குரலும் தம்புராவும் மட்டும் ஒலிக்கும் பகுதியாகவும் இருப்பின் வேறுபாடு எளிதில் புலப்படும். பத்து முறையில் ஐந்து முறை மட்டுமே சரியாகச் சொல்ல முடிந்தால், அக்கருவிக்கான பணத்தைக் கடையில் கொடுக்க வேண்டியதில்லை.