ஓட்டை இல்லாத கத்தரிக்காய்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஓட்டை தெரிந்தால் "சொத்தை" என்று ஒதுக்கிவிட்டு, பளபளவென்று இருப்பதைப் பையில் போடுவார்கள். வீட்டுக்கு வந்து நறுக்கினால், பளபளத்த காய்க்குள்ளிருந்தே ஒரு புழு நெளியும். ஓட்டையே இல்லையே, எந்த வழியாக உள்ளே போனது?

புழுவின் அம்மா ஓர் அந்துப்பூச்சி. இறக்கையை விரித்தால் இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டுகள். உட்கார்ந்திருக்கும்போது வயிற்று நுனியை மேலே வளைத்துத் தூக்கிக்கொள்ளும். அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். 1854இல் அஷீல் கெனே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். தொழிலில் அவர் வழக்கறிஞர்! அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. இன்று நம் வேளாண் புத்தகங்களில் இதன் பெயர் 'கத்தரி குருத்து மற்றும் காய்த் துளைப்பான்'.

இரவில் இலையின் அடிப்பக்கத்தில் முட்டையிடும். சில நாளில் வெளிவரும் குட்டிப் புழு, செடியில் காய் இல்லாவிட்டால் இளங்குருத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். செடியெல்லாம் பச்சையாக நிற்க, ஒரு நுனி மட்டும் வாடித் தலை தொங்கும். ஐரோப்பாவில் பைன் மரக் குருத்துக்குள் இதே வேலையைச் செய்யும் அந்துப்பூச்சி ஒன்று உண்டு. அது குடைந்த குருத்து கோணலாக வளைந்துவிடும்.

காய் வந்துவிட்டாலோ, நம்மூர்ப் புழு குருத்தை விட்டுவிட்டுக் காய்க்குப் போகும். காம்பை ஒட்டி ஒரு பச்சைத் தொப்பி இருக்கிறதல்லவா, பெரும்பாலும் அதன் பக்கமாகத்தான் நுழையும். அப்போது அது நூல் பருமன்தான். போன வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துவிடும். காய் பெருக்கப் பெருக்க அந்தத் தழும்பும் மறைந்துவிடும். இரண்டு வாரம் போலத் தின்று, இளஞ்சிவப்பாகக் கொழுத்தபின் பெரிய ஓட்டை போட்டு வெளியே வந்து, உதிர்ந்த சருகில் கூடு கட்டும். ஆக, கடையில் நாம் பார்க்கும் பெரிய ஓட்டை புழு கிளம்பிப்போன வாசல்!

உள்ளே இருப்பதால் மருந்து அதன் மேல் படுவதே கடினம். ஆனாலும் பலர் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். அந்த நஞ்சு காயோடு நம் வீட்டுக்கும் வரும். இந்தப் புழுவுக்காகவே மரபணு மாற்றிய கத்தரி ஒன்றை உருவாக்கினார்கள். இந்திய அரசு 2010இல் அதை நிறுத்தி வைத்தது. வங்கதேச விவசாயிகள் 2014 முதல் பயிரிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது வேறு வழி. பெண் பூச்சி ஒரு வாசனையைக் காற்றில் விட்டு ஆணை அழைக்கும். அதே வாசனையைச் செய்து, பொறியில் வைத்து வயலில் தொங்கவிட்டால், ஆண் பூச்சிகள் ஆசையாக வந்து மாட்டிக்கொள்ளும். இதற்குப் பெயர் இனக்கவர்ச்சிப் பொறி. கூடவே, தலை தொங்கிய குருத்தைப் புழுவோடு கிள்ளி அழித்துவிட வேண்டும். மாடித் தோட்டத்துக்குக் கிள்ளுவதே போதும். அதற்குச் சின்ன விரல்கள் நல்ல தோது.

அடுத்த முறை கத்தரிக்காயில் கொழுத்த புழு கிடைத்தால், அம்மாவிடம் கேட்டு அந்தத் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். அகன்ற பாட்டிலில் கொஞ்சம் மண்ணும் சருகும் போட்டு, துண்டை உள்ளே வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். கூடு கட்டிய பிறகு ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளைப் பூச்சி வந்துவிடும். வயிற்றைத் தூக்குகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் கத்தரிச் செடி இருந்தால் மட்டும் துணியை அவிழ்த்துவிடாதீர்கள்!