மூணு நாள் லீவு, ஒரு மலை!

ஒரு சின்ன கற்பனை. எம்.ஏ. இங்கிலீஷ் முடிச்சாச்சு. தாய்லாந்துல ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேலை கிடைச்சு, ஃப்ளைட்டும் ஏறியாச்சு. மூணாவது மாசமே வெள்ளி, சனி, ஞாயிறுன்னு சேர்ந்தாப்ல லீவு வருது. என்ன பண்ணுவீங்க? பேக்கைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு பக்கத்து நாட்டுக்கு பஸ் ஏறிடுவீங்கதானே?

போங்க, தாராளமா போங்க. ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி நம்ம ஊட்டி வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. கற்பிக்கிற வேலையில இருந்துக்கிட்டே, நேரம் கிடைச்சப்போ தெரியாத ஊரைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரங்க கதை நீலகிரியில நிறைய இருக்கு. அதுல மூணு பேர்கிட்ட நமக்குப் பாடம் இருக்கு.

கண்ணாடியோடு வந்தவர்

முதல் ஆள், யாக்கோமே ஃபெனிசியோ. இத்தாலியில பிறந்த யேசு சபைப் பாதிரியார். கோழிக்கோட்டுப் பக்கம் மதம் போதிச்சுக்கிட்டிருந்தார். 'மலை உச்சியில பழைய கிறிஸ்தவர்கள் வாழறாங்களாம்'னு ஒரு பேச்சு அடிபட, 1603-ல காடு மேடெல்லாம் ஏறி நீலகிரிக்கு வந்துட்டார். ஊட்டின்னு ஒரு டவுனே இல்லாத காலம் பாஸ் அது!

தேடி வந்த கிறிஸ்தவர்கள் அங்கே இல்லை. இருந்தவங்க எருமை வளர்க்கிற தோடர்களும், படுகர்களும். தோடர் பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூல்கண்டும் கொடுத்துட்டு, பார்த்ததை ஓர் அறிக்கையா எழுதிட்டு இறங்கிப் போயிட்டார். தோடர்களைப் பற்றி ஓர் ஐரோப்பியர் எழுதின மிகப் பழைய குறிப்புகளில் அது ஒண்ணு. அவசரப் பயணம்தான். ஆனா, எதைத் தேடிப் போனாரோ அது கிடைக்கலைன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்காம, கண்ணுல பட்டதை எழுதி வச்சாரே, அதுக்காகவே அவருக்குப் பாஸ் மார்க் போடலாம்.

போனவருக்குப் புத்தகம், இருந்தவங்களுக்கு?

சுமார் 300 வருஷம் கழிச்சு வந்தவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆசிரியர். 1901-02-ல சில மாசம் தங்கினார். அப்போ தோடர்களே மொத்தம் 800 பேர் அளவுதான். கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்தோட வம்சாவளியையும் எழுதி எடுத்தார் மனுஷன்! 1906-ல வந்த அவரோட 'தி தோடாஸ்' மானுடவியல் படிக்கிறவங்களுக்கு இன்னிக்கும் முக்கியமான புத்தகம். ஃபெனிசியோவின் அறிக்கையையும் அதிலேயே பின்னிணைப்பா சேர்த்திருக்கார்.

ஆனா அதே புத்தகத்துல நெஞ்சைச் சுடற ஒரு விஷயம் இருக்கு. தோடர்களுக்கு எருமைப் பால் கடையும் இடமே கோயில். அங்கே நடக்கிற சடங்குகள் வெளியாளுக்குச் சொல்லக்கூடாத ரகசியம். ரிவர்ஸ் கேட்டார், சிலர் சொன்னாங்க. கொஞ்ச நாள்ல, சொன்னவங்களுக்கு வரிசையா கஷ்டம். ஒருத்தருக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு. இன்னொருத்தரோட மனைவி இறந்தாங்க. 'ரகசியத்தை வெளியே சொன்ன தெய்வக் குத்தம்'னு ஊர் முடிவு பண்ணிடுச்சு. அதுக்கப்புறம் அவர்கிட்ட பேசவே பலரும் தயங்கினாங்க. இதை ரிவர்ஸ் மறைக்காம எழுதியிருக்கார்.

தெய்வக் குத்தமா, தற்செயலான்னு நாம பட்டிமன்றம் நடத்த வேணாம். அவர் கப்பல் ஏறி ஊருக்குப் போயிட்டார். ஊரோட பேச்சுக்கும் பயத்துக்கும் நடுவுல வாழ வேண்டியவங்க இங்கேயேதானே இருந்தாங்க? நாம ஒரு ஊர்ல கேட்கிற கேள்விக்கும், 'க்ளிக்' பண்ற போட்டோவுக்கும் விலை கொடுக்கிறது சில நேரம் அந்த ஊர்க்காரங்கதான்.

வாத்தியாருக்கே வாத்தியார்

மூணாவது ஆள், கனடாவுல பிறந்த மொழியியல் அறிஞர் எம்.பி. எமனோ. 1935-லிருந்து 1938 வரை இந்தியாவுல இருந்து தோடர், கோத்தர், படுகர் மொழிகளைப் படிச்சார். பிறகு கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஆனார். தாமஸ் பரோவோட சேர்ந்து அவர் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதி 1961-ல வந்தது.

சரி, அவருக்குக் கோத்தர் மொழி சொல்லிக் கொடுத்தது யார்? சுள்ளின்னு ஒரு கோத்தர். அவரும் ஓர் ஆசிரியர்தான்! தன் இனத்துல முதன்முதலா இங்கிலீஷ் படிச்சவர். பழைய வழக்கத்தை மீறி முடியை வெட்டிக்கிட்டு, ஊரோட எதிர்ப்பையும் சம்பாதிச்ச சீர்திருத்தக்காரர். அவர் வாயால சொன்ன கதைகள்தான் எமனோவின் 'கோட்டா டெக்ஸ்ட்ஸ்' தொகுதிகளா அச்சுல ஏறுச்சு. பிற்காலத்துல ஒரு பல்கலைக்கழகத்தையே கலக்கின பேராசிரியர், இங்கே ஒரு பழங்குடி வாத்தியார் முன்னாடி மாணவரா உட்கார்ந்திருந்தார். மேட்டரே இதுதான் ப்ரெண்ட்ஸ்!

எமனோவுக்கு மூணு வருஷம் கிடைச்சது. நமக்குக் கிடைக்கிறது மூணு நாள். அவ்வளவு நேரத்துல ஒரு மொழியைக் கத்துக்க முடியாது. ஆனா, கத்துக்கொடுக்க ஒரு சுள்ளியைத் தேட முடியும். டீக்கடைக்காரர், வீட்டு ஓனரம்மா, உங்க வகுப்புல கடைசி பெஞ்சுல உட்கார்ற பையன்... யாராவது ஒருத்தர் நிச்சயம் இருப்பாங்க.

பேக் கட்டும் முன்...

* தாய்லாந்துல வேலை விசாவுல இருக்கிறவங்க, ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்காம எல்லையைத் தாண்டினா, தங்கற அனுமதியே ரத்தாகிடும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி, வேலை பார்க்கிற நாட்டு விதியைப் படிச்சிடுங்க.

* போற ஊரோட பாஷையில அஞ்சு வார்த்தை கத்துக்கோங்க. அதுல ஒண்ணு 'நன்றி', இன்னொண்ணு 'போட்டோ எடுக்கலாமா?'

* வழிபாட்டு இடத்துல 'உள்ளே வராதீங்க'ன்னா, வெளியிலேயே நில்லுங்க. தோடர் மந்துக்குப் போனாலும் இதேதான்.

* ஊட்டி ட்ரிப்பா? 2024 மே மாசம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறாங்க. லீவு நாட்கள்ல மலை தாங்காத அளவுக்கு வண்டிகள் குவிஞ்சதால ஐகோர்ட் போட்ட உத்தரவு. அரசு பஸ்ல போனா இந்தத் தொல்லையே இல்லை.

* நினைவுப் பொருள் வாங்கணுமா? தோடர் பெண்கள் போடற கறுப்பு, சிவப்புப் பூவேலை செஞ்ச சால்வையை முடிஞ்சா அவங்ககிட்டேயே வாங்குங்க. 2013-ல புவிசார் குறியீடு வாங்கின கைவேலை அது. பேரம் பேசறதுக்கு முன்னாடி, ஒண்ணு போட எத்தனை நாள் ஆகுதுன்னு கேட்டுப் பாருங்க. பேரம் பேச வாயே வராது!

அடுத்த லீவு எப்போ வருதுன்னு காலண்டரைப் பார்த்தாச்சா? ஹேப்பி ஜர்னி!