உட்கார முடியாத அரியணை!
அரசரின் வாயாகப் பேச ஓர் அதிகாரி!

"அரியணை ஏறினார்" என்றால் அரசரானார் என்று பொருள் கொள்கிறோம். இங்கிலீஷ்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டில் வாழும் அஷாந்தி மக்களிடம் இதைச் சொன்னால் திகைத்துப் போவார்கள். அவர்களுடைய தங்க ஆசனத்தில் அரசரே உட்காரக் கூடாது!

ஒன்றரை அடி உயரம், இரண்டடி நீளம். பார்ப்பதற்குக் குட்டையான ஆசனம். 1700-ஆம் ஆண்டை ஒட்டி, ஒஸெய் டுட்டு என்ற மன்னர் குமாசியைத் தலைநகராக்கிச் சிற்றரசர்களை ஒன்று திரட்டினார். அப்போது அவருடைய குருவான அனோக்யே என்ற பூசாரி, வானிலிருந்து இதை வரவழைத்து மன்னர் மடியில் இறக்கினார் என்பது ஐதீகம். அஷாந்தி ஜனங்கள் அத்தனை பேரின் ஆன்மாவும் அதற்குள் அடங்கியிருக்கிறதாம். பட்டமேற்கும் மன்னரை அதன் மேல் தாழ்த்தித் தூக்குவார்கள். உடல் அதில் படாது.

மன்னரின் வாய்

தலைவர் என்றால் மேடை அதிரப் பேச வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள எண்ணம். அஷாந்தி சபையில் மன்னர் உரக்கப் பேசுவது கௌரவக் குறைவு. அவர் தாழ்ந்த குரலில் சொல்வதை, பக்கத்தில் கோலேந்தி நிற்கும் 'ஒக்யாமே' என்ற அதிகாரி சபைக்கு எடுத்துரைப்பார். முறையிட வருபவரும் இவர் மூலமே பேச வேண்டும். மன்னர் வாயிலிருந்து கடுஞ்சொல் தெறித்தாலும், சபையின் காதில் அது பக்குவப்பட்டே விழும். (எந்த நாட்டுச் சட்டசபைக்கும் இப்படி ஒருவர் தேவைதான்!) கோலின் உச்சியில் தங்கத் தகடு போர்த்திய சிற்பம் இருக்கும். முட்டையைப் பிடித்த கை அவற்றில் பிரசித்தம். அதிகாரமும் முட்டை மாதிரி. இறுக்கினால் நொறுங்கும், தளர்த்தினால் விழும்.

மன்னரின் மகன் என்பதால் பட்டம் கிடைத்துவிடாது. வாரிசு தாய்வழி. இளவரசர்களில் ஒருவரைப் பெயர் சொல்லி முன்மொழிபவர் ராஜமாதா. ஏற்பதும் தள்ளுவதும் பெரியோர் சபை. பேராசை கூடாது, ஏசக் கூடாது, எங்கள் யோசனையைக் கேட்க வேண்டும் என்று பட்டமேற்பவருக்குப் பெரியோர்கள் நிபந்தனை விதிப்பார்கள்.

மீறினால்? காலணியைக் கழற்றி, ஆசனத்தை உருவி, தரையில் உட்கார்த்தி விடுவார்கள். அரசரின் வெறுங்கால் மண்ணில் படக் கூடாது என்பது அங்கே சாஸ்திரம். பட்டால் பதவி போயிற்று! வெறும் பயமுறுத்தல் என்று எண்ண வேண்டாம். முன்னோர் சமாதியிலிருந்து தங்க நகைகளை எடுத்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் கோஃபி கரிகரி மன்னர் 1874-இல் இறக்கப்பட்டார். 1883-இல் அவர் தம்பி மென்ஸா போன்ஸுவும் பதவி இழந்தார்.

கவர்னர் கேட்ட கேள்வி

1896-இல் பிரிட்டிஷார் முதலாம் பிரெம்பே மன்னரைக் கைது செய்து நாடு கடத்தினர். தலைவரைப் பிடித்தால் நாடு அடங்கும் என்பது அவர்கள் கணக்கு. அஷாந்தி மக்கள் ஆசனத்தை ஒளித்துவிட்டார்கள். 1900 மார்ச்சில் குமாசிக்கு வந்த கவர்னர் ஹாட்ஜ்ஸன், தலைவர்களைக் கூட்டி, "தங்க ஆசனம் எங்கே? நான் ஏன் அதில் உட்காரவில்லை?" என்ற தோரணையில் கேட்டார். மகாராணியின் பிரதிநிதிக்குரிய மரியாதையைத்தான் கேட்பதாக அவர் எண்ணம். தங்கள் மன்னரே உட்காராத இடத்தை ஓர் அன்னியர் கேட்கிறார்! தலைவர்கள் மறுமொழி சொல்லாமல் கலைந்தார்கள்.

சில நாட்களில் போர் மூண்டது. தலைமை தாங்கியவர் ஒரு பெண்மணி. எஜிசு ஊரின் ராஜமாதா யா அசந்தேவா. குமாசிக் கோட்டையில் முற்றுகைக்குள் சிக்கிய கவர்னர் ஜூன் மாதம் தப்பி வெளியேறினார். பெரும் படை வந்த பின் அஷாந்தி தோற்றது. செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட யா அசந்தேவா 1921-இல் அங்கேயே மறைந்தார். ஆசனம் மட்டும் பிரிட்டிஷார் கையில் அகப்படவே இல்லை.

பின்னர் சாலை போட்டவர்கள் தற்செயலாக அது புதைந்த இடத்தைக் கண்டனர். சிலர் அதன் தங்க அணிகளைத் திருடியது 1921-இல் வெளியாகி, ஊரே கொதித்தது. இம்முறை பிரிட்டிஷார் விவேகமாக நடந்துகொண்டனர். அஷாந்தி வழக்கங்களை ஆராய்ந்த ரட்ரே என்ற அதிகாரியின் விளக்கத்தைக் கேட்டு, ஆசனத்தில் தங்களுக்குப் பாத்தியதை இல்லை என்றனர். திருடர்களை அஷாந்தித் தலைவர்களே விசாரித்தார்கள். 1924-இல் பிரெம்பே ஊர் திரும்பினார். 1935-இல் இரண்டாம் பிரெம்பே காலத்தில் பழைய மன்னர் பட்டம் மீண்டது.

கானா இப்போது குடியரசு. அதன் 1992-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இந்தப் பரம்பரைத் தலைவர்களை அங்கீகரிக்கிறது. கட்சி அரசியலில் ஈடுபட மட்டும் அனுமதியில்லை. அபூர்வமாக விசேஷங்களில் தங்க ஆசனம் வெளியே வரும். அப்போது அதைத் தரையில் வைப்பதில்லை. அதற்கென்று ஒரு தனி நாற்காலி உண்டு.