காய்கறி எழுதிய மருந்துச் சீட்டு

மாணவர்களே, மருத்துவர் மருந்துச் சீட்டில் காய்கறியை எழுதுவாரா? 1960களில் அமெரிக்காவின் மிசிசிப்பி கிராமப்புறத்தில் டாக்டர் ஜாக் கைகர் பசியால் வாடிய குழந்தைகளுக்கு உணவையே எழுதிக் கொடுத்தார். கடைக்காரர்களுக்கு மருந்தக நிதியிலிருந்து பணம் சென்றது. அதிகாரிகள் ஆட்சேபித்தனர். ஊட்டச்சத்துக் குறைவுக்கு உணவே மருந்து என்று அவர் பதிலளித்தார்.

ஏன்? சத்துக் குறைந்தால் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறையும். கிருமிகள் எளிதில் தொற்றும். வயிற்றுப்போக்கு வந்தால், உடலில் எஞ்சிய சத்தும் வெளியேறும். மருந்து கிருமியைக் கொல்லலாம். ஆனால் உணவு இல்லையேல் நோய் மீண்டும் வரும்.

இன்று நவஹோ பழங்குடியினர் பகுதி உட்படப் பல இடங்களில், மருத்துவ நிலையங்கள் தரும் பற்றுச்சீட்டைக் கடையில் கொடுத்துக் காய்கறி, பழங்கள் வாங்கலாம். கடையில் காய்கறியே இல்லாவிட்டால்? சீட்டு வெறும் காகிதம்தான். அன்றே மிசிசிப்பி மக்கள் கூட்டுறவுப் பண்ணை அமைத்துத் தாங்களே பயிரிட்டனர்.